பாட்டுக்காரனுக்கு ஒரு பொந்து

வா கண்ணு. அந்தக் கேமராப் பீரங்கியை மொதல்ல திண்ணையில இறக்கி வை. விடியக்காலையில அதைத் தோள்ல சாத்திக்கிட்டு நீ கட்டுத்தரை வழியாப் போனதுல செவலை மாடு மெரண்டு பாலை அடக்கிக்கிச்சு. இன்னைக்கு உனக்கு வரக்காப்பிதான். அப்புச்சி மேல கோவிச்சுக்காதே, மாட்டுகிட்டப் பேசிக்கோ.

எனக்கு ஒரு சந்தேகம் ராசா. நீ பள்ளிக்கூடம் போன காலத்துல உன்னை எழுப்ப உங்கம்மா சொம்புல தண்ணி எடுத்துக்கிட்டுத்தான் வருவா. இப்பவும் பெங்களூருல பத்து மணிக்கு முன்னாடி நீ கண்ணு முழிக்கறதில்லைன்னு உங்கப்பன் பொலம்பறான். அப்படிப்பட்டவன் இந்த நஞ்சன்கூடு தோட்டத்துக்கு வந்தா மட்டும் கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, பொடக்காளிப் பக்கம் பதுங்கிப் பதுங்கிப் போறியே! நான் ஏதோ பொண்ணு விசயம்னு நெனைச்சுப்போட்டேன். உங்க அம்முச்சிகிட்டச் சொன்னேன். அவ பூரிச்சுப் போயி, எந்த ஊட்டுப் புள்ளை, என்ன கூட்டம்னு ராத்திரி பூரா என்னைத் தூங்க விடலை. கடைசியில பார்த்தா குருவி!

அதுவும் அந்தச் சட்டை. இலையும் மண்ணும் அப்பின மாதிரி ஒரு அங்கராக்கு. பக்கத்துத் தோட்டத்துக் கவுடரு வேலிக்கு அக்கட்டயிருந்து, "ஏனு யஜமானரே, நிம்ம மொம்மக மிலிட்டரி சேரிதனா?"ன்னு கேட்டாரு. மிலிட்டரிதான், சீனாக்காரன் நம்ம கொய்யாமரத்துல ஒளிஞ்சிருக்கறான், அதான் பேரன் படுத்துக்கிட்டே போறான்னு சொன்னேன். அவரும் தலையை ஆட்டிக்கிட்டுப் போயிட்டாரு. உன்னை நம்பி இந்த ஜில்லா நிம்மதியாத் தூங்குது கண்ணு.

சரி, கேலி போதும். எந்தக் குருவிக்கு இந்தப் பாடு? மார்கழியில ஹதினாரு ஏரிக்கு மங்கோலியாப் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வர்ற வரித்தலை வாத்துக்கு நீ போனப்ப நான் ஒன்னும் சொல்லலை. தூரத்து ஒறம்பரை வந்தா எட்டிப் பார்க்கறது மொறைதானே. ஆனா இப்ப நீ துரத்தறது நம்ம முருங்கைமரத்துக் கருப்பு வெள்ளைக்காரனை. வருசம் பூரா நம்ம கூடவே குடியிருக்கறவனை. அதுல எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசந்தான். வெளியில காட்டினா நீ தலைக்கு மேல ஏறிக்குவே.

அவனைப் பாரு. தலை, மாரு, முதுகெல்லாம் பளபளன்னு கருப்பு. வயிறும் றெக்கையில ஒரு பட்டையும் சலவை வெளுப்பு. வாலை நட்டமாத் தூக்கிக்கிட்டு, பஞ்சாயத்து எலெக்சன்ல ஜெயிச்சவன் துண்டை ஒதறிப் போட்டு நடக்கற மாதிரி தத்தித் தத்தி நடப்பான். கருப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை. வக்கீல்னு சொன்னாலும் தகும். வாயும் அப்படித்தான்.

பேருலயும் ஒரு வேடிக்கை இருக்குது. எங்க சத்தியமங்கலம் பக்கம் பெரியவங்க வண்ணாத்திக் குருவின்னு சொல்லுவாங்க. ஊரு அழுக்கையெல்லாம் வெளுத்துக் குடுத்த சனத்தோட பேரு அது. வெளுப்புன்னா அவங்க கை வெளுப்புத்தான்னு ஊரே ஒத்துக்கிட்டதுக்கு அத்தாட்சி. உன் புஸ்தகம் குண்டுக்கரிச்சான்னு சொல்லுது. நல்ல பேருதான். ஆனா கரிச்சான்னு சொன்னா எங்க சனம் மாட்டு முதுகுல சவாரி போற ரெட்டைவால்காரனைத்தான் நெனைக்கும். இங்க கன்னடத்துக்காரங்க மடிவாளன்னு சொல்றாங்க. அதுவும் துணி வெளுக்கறவங்க பேருதான். நான் சத்தியமங்கலத்துலயிருந்து 27 கொண்டை ஊசி வளைவு சுத்தி, திம்பம் தாண்டி, சாமராஜநகர் வழியா இங்க வந்து சேர்ந்தவன். மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே குருவிக்கு ஒரே யோசனையில பேரு வெச்சிருக்கறாங்க பாத்தியா? தண்ணிக்கு அடிச்சுக்கறோம், குருவிக்கு ஒத்துப்போயிட்டோம்.

நீ பெங்களூருல குடியிருக்கற ஏரியா பேரு என்ன? மடிவாளா. குருவி பேருல ஒரு ஏரியா, அங்க பஸ்ஸும் லாரியும் ராப்பகலாக் கச்சேரி பண்ணுது. அந்த மடிவாளாவுக்கு வாடகை குடுத்துப்போட்டு, இந்த மடிவாளத்தைத் தேடி டீசல் போட்டுக்கிட்டு இங்க வர்றே. படிச்சவன் கணக்கு எனக்குப் புரியறதில்லை.

சலீம் அலின்னு ஒரு பெரியவரு இந்த மைசூர் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுத்து 1942-43 வாக்குல எழுதி வெளியிட்டாருன்னு போன தடவை சொன்னே. அந்தக் காலத்துல எந்தக் குருவின்னு சந்தேகம் வந்தா துப்பாக்கியில சுட்டுக் கையில எடுத்துப் பார்ப்பாங்களாம். நீ கேமராவுல சுடறே. குருவி செத்து விழறதில்லை. அதுவரைக்கும் முன்னேற்றந்தான், நான் மறுக்கலை.

ஆனா அந்த ஃபோனு! அமெரிக்காவுல கார்னெல்னு ஒரு பல்கலைக்கழகத்துக்காரங்க மெர்லின்னு ஒன்னு பண்ணியிருக்கறாங்க, குருவி கத்தினா அதுவே பேரு சொல்லும்னு காட்டினே. நல்ல வித்தைதான். ஆனா தலைக்கு மேல கொம்புல நின்னு அவன் தொண்டை கிழியப் பாடறான், நீ குனிஞ்சு ஃபோனைப் பார்த்து "அப்புச்சி, குண்டுக்கரிச்சான்!"னு கத்தறே. கல்யாண ஊட்டுல மாப்பிள்ளை எதுக்க நிக்கறப்ப, பத்திரிகையை விரிச்சுப் பேரு பார்க்கற மாதிரி. காதைத் தீட்டிக்கோ கண்ணு. பேட்டரி தீர்ந்தாலும் காது தீராது.

இவன் குணத்தை நான் சொல்றேன் கேளு. கார்த்திகை மார்கழியில இருக்கற எடம் தெரியாது. புதருக்கடியில பம்மிக்கிட்டு "சுர்ர்ர்"னு ஒரு அதட்டல், "ஸ்வீ"ன்னு ஒரு சீட்டி. அவ்வளவுதான். தமிழ்நாட்டுல 2015-லயிருந்து பொங்கலுக்குப் பொங்கல் பறவை எண்றாங்கன்னு சொன்னியே, அன்னைக்கு எண்ணப் போனா இவன் இருந்தும் இல்லாத மாதிரிதான் இருப்பான், மாசக் கடைசியில ரேசன் கடைச் சர்க்கரை கணக்கா.

மாசி போயி பங்குனி பொறக்கட்டும். நம்ம ஸ்ரீகண்டேஸ்வரருக்குத் தேர் ஜோடிக்கற சமயத்துல, இவன் இலை கொட்டின கொம்பு உச்சியில ஏறி நின்னுக்குவான். கபிலா ஆத்துமேல பனி விலகறதுக்கு முன்னாடி தொடங்கினா, பொழுது ஏறற வரைக்கும் நிறுத்த மாட்டான். நடுநடுவுல மத்தக் குருவிங்க பாட்டையும் திருடிச் சேர்த்துக்குவான். பொழுது மறுபடியும் சாயறப்ப இன்னொரு ஆட்டம். மத்ததெல்லாம் அடைஞ்ச பொறவும் இவன் மட்டும் கருக்கல்ல தத்திக்கிட்டிருப்பான். ஆடி வரைக்கும் இந்தக் கச்சேரிதான்.

நம்ம கவிராயருங்க காலங்காலமாக் குயிலுக்கே பட்டயம் எழுதிக் குடுத்துட்டாங்க. குயில் என்ன பண்ணுது? காக்காக் கூட்டுல முட்டையை வெச்சுப்போட்டு, வாடகையும் குடுக்காம, வளர்ப்புக் கூலியும் குடுக்காம, மாமரத்துல ஒக்காந்து கூவுது. இவன் குடும்பஸ்தன். பொண்டாட்டி கூட நின்னு, புள்ளைகளுக்குப் புழு பொறுக்கிக் குடுத்து ஆளாக்கறவன். குடும்பம் நடத்தறவனுக்கு எந்தக் காலத்துல பாட்டு எழுதினாங்க? நீயாவது அவன் பின்னாடி சுத்தறியே, அதுவரைக்கும் அவனுக்கு மரியாதைதான்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். காப்பியைக் குடி, ஆறுது.

நீ பாட்டு பாட்டுன்னு உருகறியே, அது என்னன்னு தெரியுமா? பட்டா வாசிக்கறான். "தெக்கால கிணத்துமேடு, வடக்கால புளியமரம், கிழக்கால கவுடரு வேலி, மேக்கால வாய்க்கா. இதுக்குள்ள நான் ஒருத்தன் இருக்கறேன், வேற எந்த ஆம்பளையும் காலை வெக்காதே. அம்மணி, நீ மட்டும் வரலாம்." அர்த்தம் இவ்வளவுதான். நாம பத்திர ஆபீசுல எழுதி, கையெழுத்துப் போட்டு, சாட்சி வெச்சும் வரப்புக்கு வெட்டிக்கிட்டுச் சாகறோம். அவன் தெனமும் வாயாலேயே பதிஞ்சு வெச்சு, பெரும்பாலும் ரத்தம் சிந்தாமக் குடும்பம் நடத்தறான்.

போன பங்குனியில நீ பண்ணின காரியம் ஞாபகம் இருக்குதா? நான் தொவரஞ்செடிக்கு இக்கட்ட நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவன் கொம்புக்கு வரலைன்னு, வேற எங்கியோ பதிஞ்ச வேற ஒருத்தன் பாட்டை ஃபோன்ல போட்டுக் கொய்யாமரத்தடியில வெச்சே. வந்தான். வேகுவேகுன்னு வந்தான். வாலை விசிறிக்கிட்டு, மாரை நிமித்திக்கிட்டு, கொம்புக்குக் கொம்பு தாவினான். நீ "ஆகா, என்ன அழகு, என்ன பாட்டு"ன்னு டக்டக்குன்னு படம் புடிச்சே. அழகாவது! அவன் வயித்தெரிச்சல்ல கத்தினான் ராசா.

நெனைச்சுப் பாரு. ராத்திரி நீ உன் ஊட்டுல சோறு திங்கறே. எவனோ ஒருத்தன் வாசல்ல மைக் செட்டு கட்டி, "இந்த ஊடு எனக்கு, இந்த ஊட்டு மருமகளும் எனக்கு"ன்னு கத்தறான். நீ எலையை விட்டு எந்திரிச்சு, அருவாளைத் தேடிக்கிட்டு வெளியில ஓடி வர்றே. ஆளைக் காணோம், சத்தம் மட்டும் வருது. நாலு பக்கமும் தேடறே. அந்த நேரம் பார்த்து வேலிக்குள்ள ஒளிஞ்சிருந்த ஒருத்தன், "அடடா, இவனுக்கு என்ன கம்பீரம்!"னு உன்னைப் படம் எடுத்து ஊரு பூரா காட்டறான். எப்படி இருக்கும்? அதைத்தான் நீ அரைமணி நேரம் பண்ணினே. அந்த அரைமணியும் அவன் புழு பொறுக்கலை. அவ பொந்துக்குப் பக்கத்துல தனியா நின்னா. உன் ஃபோன்ல நூறு பேரு நல்லாருக்குன்னு கட்டை விரலைத் தூக்கினாங்க. அவன் ஊட்டுல அன்னைக்கு உலை வெக்கலை.

அவளைச் சொல்லணும். நீ எடுத்த படம் அத்தனையும் ஆம்பளைதான், எண்ணிப் பார்த்துட்டேன். கருப்பா பளபளன்னு இருக்கறவனையே புடிச்சிருக்கறே. அவ சாம்பல் நெறம், கண்ணுல படமாட்டா. ஆனா வேரும் நாரும் மயிரும் பொறுக்கிக்கிட்டு வந்து பொந்துக்குள்ள கூடு கட்டறது பெரும்பாலும் அவதான். பச்சையும் நீலமும் கலந்த நெறத்துல பழுப்புப் புள்ளி வெச்ச முட்டை, நாலோ அஞ்சோ இடுவா. அடைகாக்கறது அவ ஒருத்திதான். ரெண்டு வாரத்துக்குள்ள பொரிச்சுடுவா. அவனுக்கு வேலை வாசல்ல காவல், வாய்ச்சவடால். குஞ்சு வந்த பொறவு அவனும் இரை கொண்டு வருவான், இல்லைன்னு சொல்லக்கூடாது. எப்பவாவது அவன் பக்கத்துல இருக்கறப்ப அவளும் ஒரு வரி பாடுவா. நீ அதைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் அவன்தான் பாடினான்னு எழுதி வெச்சிருப்பே. இதைக் கேட்டுக்கிட்டு உங்க அம்முச்சி உள்ளாற சிரிக்கறா. எதுக்குன்னு எனக்குத் தெரியும், நீ கேக்காதே.

பிரியம்ங்கறது பொல்லாத சாமான் கண்ணு. இந்தக் குருவிக்கு விரோதியால வந்த கேட்டை விடப் பிரியம் வெச்சவங்களால வந்த கேடு அதிகம். பாட்டுக்கு ஆசைப்பட்டுக் கூண்டுல அடைச்சவங்க எத்தனை பேரு! ரெண்டு ஆம்பளையைச் சண்டைக்கு விட்டு வேடிக்கை பார்த்தவங்களும் உண்டு. நம்ம நாட்டுல 1972-ல வந்த வனவுயிர்ச் சட்டம் இதையெல்லாம் கூடாதுன்னு நிறுத்துச்சு. சிங்கப்பூருல இந்தக் குருவி ஒரு காலத்துல ஊரு பூரா திரிஞ்சுதாம். புடிச்சுப் புடிச்சுக் கூண்டுல போட்டாங்க, வெளியூரிலிருந்து கொண்டாந்த மைனா வேற பொந்துக்குப் போட்டிக்கு நின்னுச்சு. 1970-கள்ல பார்த்தா தேடினாலும் கெடைக்கலை. பொறவு 1980-கள்ல வெளியிலயிருந்து கொண்டாந்து மறுபடி விட வேண்டியதாப் போச்சு. பாட்டுக்காரனைத் துரத்திப்போட்டு, பொறவு தாம்பாளம் வெச்சு அழைச்சாங்க.

பங்களாதேசத்துக்காரங்க கொஞ்சம் மொறையாப் பண்ணியிருக்கறாங்க. தோயேல்னு பேரு வெச்சு, இதுதான் எங்க தேசப் பறவைன்னு அந்தக் காலத்து 2 டாக்கா நோட்டுலயே படம் போட்டாங்க. மயிலைப் புடிச்சுக்கிட்டா தோகை இருக்குது, கழுகைப் புடிச்சுக்கிட்டா நகம் இருக்குது. தோட்டத்துல தத்திக்கிட்டுத் திரியற ஒரு குருவியைத் தேசத்துக்கு அடையாளம்னு சொல்றதுக்கு ஒரு மனசு வேணும். அதுவும் ரெண்டு ரூவா நோட்டுல போட்டாங்க பாரு, டீக்கடையில மாறிக்கிட்டே இருந்திருக்கும். பணக்காரன் பெட்டியில அடைஞ்சிருக்காது.

இன்னொன்னு. இது நஞ்சுண்டேஸ்வரன் ஊரு, ஸ்ரீகண்டேஸ்வரருங்கறதும் அவரைத்தான். ஆலகால நஞ்சை எடுத்து உண்டு, தொண்டையில நிறுத்திக்கிட்ட சாமி. திப்பு சுல்தான் தன் யானைக்குக் கண்ணு சரியாச்சுன்னு இந்தச் சாமிக்கு ஹக்கீம் நஞ்சுண்டன்னு பேரு வெச்சு, பச்சைக் கல்லுல லிங்கம் குடுத்தாருன்னு சொல்லுவாங்க. வைத்தியர் சாமி ஊருல நாம என்ன பண்றோம்? வாழைக்கு ஒரு மருந்து, கத்திரிக்கு ஒரு மருந்து, தக்காளிக்கு மூணு மருந்து. மருந்துன்னு பேரு, உள்ள இருக்கறது நஞ்சு. இந்தக் குருவி தின்னுறது பூச்சி, புழு, பூரான், சமயத்துல பல்லி. மருந்தடிச்ச புழுவைத் தின்னா நஞ்சை நிறுத்திக்க அது நஞ்சுண்டேஸ்வரனா? அதுக்குத் தொண்டை பாடறதுக்கு மட்டுந்தான் இருக்குது.

நானும் யோக்கியன் இல்லை. கபினி அணை 1974-ல முடிஞ்சு கால்வாய்ல தண்ணி வந்தப்ப, நாலு காசு பார்க்கலாம்னுதான் இங்க வந்தேன். தேவரசனஹள்ளிப் பக்கம் ரசவாழை மணம் தூக்கும் அப்ப. தோலு உரிச்சு வெச்சா வாசல்ல போறவன் திரும்பிப் பார்ப்பான். பொறவு வாடல் நோய் புடிச்சுத் தோட்டம் தோட்டமாச் சாய்ஞ்சுது. பயத்துல நான் அடிக்காத மருந்து இல்லை. வாழையும் பொழைக்கலை. இப்ப நஞ்சன்கூடு ரசவாழைக்குப் புவிசார் குறியீடு குடுத்திருக்கறாங்க, பழந்தான் தேடித் தேடி வாங்க வேண்டியிருக்குது. அந்த நாலஞ்சு வருசம் எங்க தோட்டத்துல பங்குனி விடியல்ல சத்தமே இல்லை. அப்ப எனக்கு அது உறைக்கலை. கடன்காரன் சத்தம் காதுல இருக்கறப்பக் குருவிச் சத்தம் எங்க கேக்கும்? மருந்தை நிறுத்தின ரெண்டாம் வருசம் ஒரு நாள், தண்ணி கட்டப் போனவன் மம்முட்டியைப் போட்டுட்டு நின்னுட்டேன். முருங்கை உச்சியில இவன். பழைய கடனாளி வந்து கடனைத் திருப்பிக் குடுத்த மாதிரி இருந்துச்சு. உங்க அம்முச்சிகிட்டக் கூட நான் சொல்லலை. ஆம்பளை குருவிக்குக் கண்ணு கலங்கினான்னு தெரிஞ்சா காலம் பூரா கேலி பண்ணுவா. இப்ப கேட்டிருப்பா, போகட்டும்.

அதனால உனக்கு அஞ்சு வார்த்தை சொல்றேன். பங்குனியில நம்ம பெரிய ஜாத்ரைக்கு அஞ்சு தேர் ஓடும். கணபதிக்கு, ஸ்ரீகண்டேஸ்வரருக்கு, பார்வதிக்கு, சுப்பிரமணியருக்கு, சண்டிகேஸ்வரருக்குன்னு ஆளுக்கு ஒன்னு. அந்த மாதிரி அஞ்சு. வடம் புடிச்சா ஓடும், வேடிக்கை பார்த்தா நிக்கும்.

மொதல்ல புள்ளையார் தேர், அது சின்னது. காதைக் கொண்டா. படம் புடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாழிகை சும்மா ஒக்காரு. அவன் எங்க நிக்கறான், எங்க தாவறான், எந்த எடத்துல வேற ஒருத்தன் பதில் குடுக்கறான்னு கேளு. கேட்டீன்னா இந்தத் தோட்டத்துல எத்தனை பட்டா இருக்குதுன்னு சர்வேயரைக் கூப்பிடாமச் சொல்லிப்போடுவே.

ரெண்டாவது, பொய்ப்பாட்டுப் போட்டுக் கூப்பிடாதே. கூப்பிட்டா வர்றது பாட்டுக்காரன் இல்லை, சண்டைக்காரன்.

மூணாவது, கூட்டுப் பக்கம் போகாதே. நீ பொந்துக்குள்ள எட்டிப் பார்த்துட்டு வந்தா, உன் பின்னாடியே காக்காயும் கீரியும் பூனையும் எட்டிப் பார்க்கும். வழி காட்டினவன் நீயா இருக்காதே. வெளிச்சத்துக்காகக் கொம்பை ஒடிக்கறது, இலையை ஒதுக்கறது வேண்டவே வேண்டாம். பிரசவ அறைக்குக் கதவைக் கழட்டுவாங்களா?

நாலாவது, வேலி. எங்க ஊருப் பக்கம் ரெண்டு தோட்டத்துக்கு நடுவுல இட்டேரி இருக்கும். ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, அதுல கொடி, அதுக்கடியில சருகு, சருகுக்கடியில புழு. இவன் ரேசன் கார்டு இல்லாம அங்க சாப்பிடுவான். இப்பக் கம்பி வேலி, இல்லைன்னா சிமிட்டிச் சுவரு. சுத்தமா இருக்குதாம். சுத்தமாத்தான் இருக்குது, திங்க ஒன்னும் இல்லை. சருகைக் கூட்டி நெருப்பு வெக்கறதை நிறுத்து. உங்க அபார்ட்மென்ட்டுலயும் சொல்லு, அங்க தோட்டக்காரருக்குச் சருகு விழுந்தா மெமோ குடுக்கறாங்களாமே.

அஞ்சாவதுதான் எல்லாத்துலயும் பெரிய தேரு. அதுக்குத்தான் இத்தனை நேரம் சுத்தி வளைச்சேன்.

இவன் தூக்கணாங்குருவி மாதிரி கொம்புல தொங்கவிட்டுக் கட்டறவன் இல்லை. மரங்கொத்தி மாதிரி தானே ஓட்டை போடறவனும் இல்லை, அலகு அதுக்குத் தோதில்லை. ஆரோ விட்டுப்போன பொந்து, சுவத்து இடுக்கு, உளுத்துப்போன மரம், இப்படித்தான் அவனுக்கு ஊடு. ஓட்டு ஊடும் மண் சுவரும் கல் கட்டடமும் இருந்த காலத்துல நாம தெரியாமலே அவனுக்கு ஊடு கட்டிக் குடுத்தோம். நம்ம கபிலா ஆத்துமேல 1735-ல தளவாய் தேவராஜ கட்டின பழைய பாலத்தைப் பாரு, ஒவ்வொரு கல்லுக்கும் நடுவுல ஒரு இடுக்கு. இப்ப நாம கட்டறதுல எறும்பு நுழைய வழி இல்லை. பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சு, கொசுவலையும் கட்டிப்போடறோம். பட்டுப்போன மரம் நின்னா லட்சணமா இல்லைன்னு வெட்டறோம். பொறவு நீ பீரங்கியைத் தூக்கிக்கிட்டு "அப்புச்சி, குருவியைக் காணோம்"ங்கறே. பாட்டு வேணும், பாடறவனுக்கு எடம் இல்லை. கச்சேரிக்கு வித்துவானைக் கூப்பிட்டுப்போட்டு, படுக்கத் திண்ணைகூட இல்லைன்னு சொல்ற மாதிரி.

அவனுக்கு உன் பிரியம் வேண்டாம் ராசா. உன் படம் வேண்டாம், உன் கட்டை விரல் வேண்டாம். ஆள் உயரத்துக்கு மேல, மழைச்சாரல் அடிக்காத எடத்துல, ஒரு கை நுழையற மாதிரி ஒரு ஓட்டை வேணும். மரம் இல்லைன்னா பழைய பலகையில பொட்டி அடிச்சு மாட்டு. அதுலயும் குடி வருவான், அவ்வளவு பிகு பண்றவன் இல்லை. உன் மடிவாளா ஊட்டுப் பால்கனியில இப்பவே வந்துருவான்னு நான் சொல்லலை. அங்கயும் கீழ பூங்காவுல பழைய மரம் ஒன்னாவது நிக்கும். அதை வெட்ட வர்றப்ப, நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போயி நில்லு. அந்த மிலிட்டரிச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போ, அதுக்கும் ஒரு பிரயோசனம் ஆகட்டும்.

இப்ப அந்த முருங்கை விசயம். அடிமரம் பாதி உளுத்துப்போச்சு, காயும் நாலுதான் வருது. அதை வெட்டிப்போட்டு அந்த எடத்துல கார் நிறுத்தக் கொட்டாய் போடணும்னு உங்கப்பன் ஒத்தைக்கால்ல நிக்கறான். என் மாப்பிள்ளை, ஒத்தைப் பொண்ணைக் கட்டினவன், நான் எதுத்துப் பேசினா மரியாதையா இருக்காது. நீ மகன். நீ சொன்னா கேப்பான். அந்தப் பொந்துல நேத்துலயிருந்து அவ வேரும் நாரும் கொண்டு போறா. நீ அவனையே பார்த்துக்கிட்டு இருந்ததுல அதைக் கவனிக்கலை. ஆடி முடிஞ்சு பேசிக்கலாம்னு சொல்லிப்போடு. ஆடியில சாங்கியத்தைச் சொல்லி ஆவணிக்குத் தள்ளிடலாம், ஆவணியில மழை, ஐப்பசியில தீவாளிச் செலவு. மறுபடி பங்குனி வந்துரும். அதை நான் பார்த்துக்கறேன்.

அருவாள் எங்கேன்னு உங்கப்பன் கேட்டா, அட்டாலியில தேடச் சொல்லு. அங்க இல்லை.